‘பை எங்கே?’ என்றாள், கையைக் காட்டினேன்

கேள்வி:

டாக்டர், எனக்கு 64 வயது. 37 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஏழு மாதத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். முதல் இரண்டு மாதம் சொர்க்கம். அலாரம் வைக்காமல் தூங்கினேன் (ஆனாலும் நாலரைக்கே முழிப்பு வந்துவிடும், அது வேறு கதை). மூன்றாம் மாதம், சும்மா இருக்க முடியாமல், சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். மனைவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள், ஆனால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள். சத்தமாகச் சொல் என்றால், “செவிடன் காதுல சங்கு ஊதி எனக்கு வாய் வலிக்குது” என்கிறாள். போன வாரம் வெளியே கிளம்பும்போது “கை எங்கே?” என்று கேட்டாள். “இதோ” என்று இரண்டையும் தூக்கிக் காட்டினேன். அவள் கேட்டது பையை.

மறதியும் வந்துவிட்டது. நேற்று சொன்னதை, சொல்லவே இல்லை என்று சாதிக்கிறேனாம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன். பல வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவர் எதிரே வந்தார், பெயர் வரவில்லை. “என்ன சார், சௌக்கியமா?” என்று சமாளித்தேன். நாற்காலியிலிருந்து எழும்போது என்னை அறியாமல் “அய்யோ... அம்மா” என்று ஒரு சத்தம் வருகிறது. ஆறு வயதுப் பேத்தி அதை அப்படியே நடித்துக் காட்டுகிறாள், வீடே சிரிக்கிறது. மகனுக்குப் பகலில் போன் செய்தால், “அப்பா, ஏதாவது அவசரமா?” என்கிறான். அவசரம் எதுவும் இல்லை, அதுதானே பிரச்சினை. எனக்கு வயதாகிவிட்டதா, மூளை போகிறதா, இல்லை வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்னை ஓரங்கட்டுகிறார்களா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

வயதாகிவிட்டது. அதில் உங்களுக்கும் எனக்கும் சந்தேகம் வேண்டாம். மூளை போகிற மாதிரி கடிதத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ‘சௌக்கியமா சார்’ என்று சமாளிக்கத் தெரிந்தவருக்கு மூளை நன்றாகவே வேலை செய்கிறது. ஓரங்கட்டும் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால், கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் காது. மனைவி முணுமுணுக்கிறார் என்கிறீர்கள். அவர் முணுமுணுக்கவில்லை என்று என்னால் பந்தயம் கட்ட முடியும்.

இதை டாக்டராக மட்டும் சொல்லவில்லை, பட்டவனாகவும் சொல்கிறேன். எனக்கு 66. முதியோர் நல மருத்துவன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காய்ச்சல். எண் காட்டும் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அது ‘பீப்’ என்று கத்தட்டும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். வாயில் குச்சியோடு செய்தித்தாளில் பாதியைப் படித்து முடித்துவிட்டேன். கத்தவே இல்லை. பேட்டரி போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் கத்தவில்லை. “இப்பல்லாம் எதையுமே ஒழுங்கா செய்யறதில்லை” என்று தயாரிப்பாளரை வாயில் தெர்மாமீட்டரோடு திட்டிக்கொண்டிருந்தபோது, தரையில் படம் வரைந்துகொண்டிருந்த பேரன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “தாத்தா, அது அப்பவே கத்திடுச்சு. நாலு தடவை.”

முப்பது வருடமாக மற்றவர்களைக் காது சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

நடப்பது இதுதான். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுண்ணிய முனைகள் கொண்ட செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது எத்தனை வாங்கி வந்தோமோ அத்தனைதான், போனது திரும்ப முளைக்காது. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள் குழாயின் வாசலிலேயே இருக்கின்றன. வயதாக ஆக அவைதான் முதலில் தேய்கின்றன. கட்டையான, தாழ்ந்த ஒலிகளைப் பிடிப்பவை உள்ளே கடைசியில் இருப்பதால் பல வருடம் தாங்கும். அதனால் இடி கேட்கும், கதவு படாரென்று சாத்துவது கேட்கும், தெர்மாமீட்டர் கேட்காது.

பேச்சுக்கு வாருங்கள். அ, ஆ, ஐ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை. க, ச, த, ப என்று சொல்லைத் தொடங்கிவைக்கும் மெய்யொலிகள் மெலிந்தவை, அவற்றின் அடையாளமே மேல் சுருதியில்தான் இருக்கிறது. ‘பை எங்கே’ என்று மனைவி கேட்டபோது உங்கள் காதுக்கு வந்தது ‘_ஐ எங்கே’ மட்டும்தான். காலி இடத்தை உங்கள் மூளை தன் இஷ்டத்துக்கு நிரப்பியது. பை, கை, மை, தை, எது வேண்டுமானாலும் வரலாம். உங்களுக்குக் கை வந்தது. மூளையின் மேல் குற்றம் இல்லை, பாதி எழுதிய விடைத்தாளை வைத்துக்கொண்டு அது முடிந்த வரை மதிப்பெண் போட்டிருக்கிறது.

என்னிடம் வருபவர்கள் ஒருவர் விடாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “கேட்குது டாக்டர், புரியத்தான் மாட்டேங்குது.” அதனால்தான் யாரும் தன் காதைச் சந்தேகப்படுவதில்லை. சத்தம் வருகிறதே! ஆகவே எதிரில் இருப்பவர் முணுமுணுக்கிறார். பெண்கள், குழந்தைகள் குரல் பொதுவாக உயர்ந்த சுருதி. அதனால் முதலில் ‘முணுமுணுக்க’ ஆரம்பிப்பவர் மனைவி, அடுத்தது பேத்தி. அடுக்களையில் குழாய் ஓடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து ஒருவர் பேசினால் கதை முடிந்தது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. “சத்தமாச் சொல்லு” என்பீர்கள். அவர் சத்தமாகச் சொல்வார். “ஏன் இப்படிக் கத்தறே?” என்பீர்கள். உங்கள் வீட்டில் இது நடக்கிறதா என்று மனைவியைக் கேட்டுப்பாருங்கள். தேய்ந்த காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, ஆனால் பலத்த ஒலி மற்றவர்களுக்குப் போலவே பலமாக, சில சமயம் அதைவிடவும் எரிச்சலாக வந்து விழும். நடுவில் இருக்கும் இடைவெளி சுருங்கிவிடுகிறது. வேண்டுமென்றே செய்யும் வம்பு இல்லை இது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வம்பு போலவே இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குத் துணைக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் காது மந்தம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சரி, மறதி. ‘நேற்றே சொன்னேனே’, ‘சொல்லவே இல்லை’ என்ற வழக்கில் நீங்கள் இருவருமே பொய் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கிறார், உங்கள் காதுக்குள் முழுதாகப் போகவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அதோடு, விட்டுப்போன எழுத்துகளை ஊகித்துக்கொண்டே கேட்பது மூளைக்குப் பெரிய உழைப்பு. இருக்கிற தெம்பு அதிலேயே போய்விட்டால் சேமித்து வைக்க மிச்சம் இருக்காது. உறவினர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் காரணமில்லாமல் அசந்துபோகிறீர்களா? அந்த அசதி இதுதான்.

அறைக்குள் போய்த் திகைத்து நிற்பது வயதின் தனிச்சொத்து இல்லை. அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி என்ற உளவியலாளர் 2011-ல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே தூரம்தான், ஆனால் வாசலைத் தாண்டிப் போனவர்களுக்குக் கையில் இருந்தது என்ன என்பது அதிகம் மறந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள்! வாசலைத் தாண்டியதும் மூளை ஒரு பக்கத்தைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்துக்கொள்கிறது போலும்.

பெயர் மறப்பதும் அப்படித்தான். அந்தப் பக்கத்து மேஜைக்காரரின் சிரிப்பு, கையெழுத்து, எந்த மாதம் விடுப்பு எடுப்பார் என்பதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். பெயர் மட்டும் வராது. பெயருக்கு அர்த்தம் என்ற கொக்கி கிடையாது, பிடித்து இழுக்க எதுவும் இல்லை. ஒரே முகத்தைக் காட்டி ‘இவர் தொழில் ரொட்டி சுடுவது’ என்றால் ஞாபகம் நிற்கிறது, ‘இவர் பெயர் பேக்கர்’ (ஆங்கிலத்தில் ரொட்டி சுடுபவருக்கும் அதே சொல்தான்) என்றால் நழுவிவிடுகிறது என்று சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வேறு வேலையில் இருக்கும்போது அந்தப் பெயர் தானாக வந்திருக்குமே, வந்ததா? வந்திருந்தால் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு: தினமும் போகும் வழியில் தொலைந்துபோவது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்துக்குள் மறுபடி கேட்பது, கணக்கிலேயே காலத்தைக் கழித்தவருக்கு வீட்டுக் கணக்கு தடுமாறுவது, தனக்கு மறதி என்று தனக்கே தெரியாமல் மற்றவர்கள் சொல்லித் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் முதலில் தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்களைத்தான் தேடுவோம். நீங்கள் உங்கள் மறதிகளை வரிசை எண் போடாத குறையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுவே தெம்பாக இருக்கிறது.

ஆனால் காதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மறதி நோய்க்கு வழி வகுக்கும், நம்மால் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் பதினான்கைப் பட்டியலிட்டது. அதில் கவனிக்காமல் விட்ட காது மந்தமும் ஒன்று. காது கேட்காதவர்களுக்கெல்லாம் மறதி நோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பேச்சு புரியாதவர் மெல்ல மெல்லக் கூட்டத்திலிருந்து ஒதுங்கி மூலையில் உட்கார்ந்துவிடுகிறார், அது நல்லதற்கில்லை என்பது மட்டும் என் அனுபவத்திலும் தெரியும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். முதலில் காதுக்குள் பார்ப்பார். சில சமயம் ஏழு மாத வழக்கு முழுவதும் ஒரு உருண்டை அழுக்கில் முடிந்துவிடும். அதை நீங்களே குச்சி விட்டு எடுக்க வேண்டாம், அது உள்ளேதான் தள்ளும். அப்புறம் சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ‘கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்’ என்பார்கள். வலி இல்லை, அரை மணி நேர வேலை. ஆனால் பெருமை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டமான அரை மணி நேரம். எனக்குக் கேட்காத இடத்திலெல்லாம் நான் ஊகித்து அழுத்தினேன். சோதித்த பெண் சிரித்துக்கொண்டே, “சார், இன்னும் நான் சத்தமே கொடுக்கலை” என்றார்.

காது கேட்கும் கருவி வேண்டும் என்றால் வாங்கி மேஜை டிராயரில் வைக்காதீர்கள், அங்கே யாரும் பேசுவதில்லை. முதல் சில வாரம் நீங்கள் மறந்தேபோன ஓசைகள் எல்லாம் வந்து தொல்லை கொடுக்கும்: செய்தித்தாள் மடிக்கும் சரசரப்பு, உங்கள் செருப்புச் சத்தம். மூளை பழகிக்கொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும். இது மூக்குக் கண்ணாடி போல மாட்டிய உடனே தெளியாது. இன்னொன்று, என்றாவது ஒரு காது திடீரென்று ஒரே நாளில் அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால், அது வயது இல்லை, அவசரம். அன்றே ஓடுங்கள்.

நாலரை மணி முழிப்புக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் ஓடுகிறது, ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. மதியம் நாற்காலியில் இரண்டு மணி நேரம் வாய் திறந்து தூங்குகிறீர்களா என்று பேத்தியைக் கேளுங்கள், அவள் அதையும் நடித்துக் காட்டுவாள். அந்தத் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைத்தால் விடியற்காலை கொஞ்சம் தள்ளிப் போகும்.

எழும்போது வரும் ‘அய்யோ அம்மா’வை நான் சத்தமாகப் பார்க்கவில்லை, தொடையின் விண்ணப்பமாகப் பார்க்கிறேன். தசை குறைந்துகொண்டு வருகிறது. கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள். பக்கத்தில் மனைவியோ மகனோ இருக்கட்டும், தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்திவிடுங்கள். உங்கள் வயது ஆண்களுக்கு 14-க்குக் குறைந்தால் கால் பலவீனம், விழுகிற ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். எண்ணுகிற வேலையைப் பேத்தியிடம் கொடுங்கள். நடித்துக் காட்டியதற்கு அதுதான் தண்டனை. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி, இவ்வளவு போதும். இதயம், மூட்டில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சத்தம் முழுதாக நிற்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். எனக்கு நிற்கவில்லை.

இப்போது அந்த டப்பாக்கள்.

ஓய்வு என்பதே புது ஏற்பாடு. ஜெர்மனியில் முதியோருக்கு அரசு ஓய்வூதியச் சட்டம் வந்தது 1889-ல்தான், அதுவும் எழுபது வயதுக்கு. எழுபதைத் தொட்டவர்கள் அப்போது குறைவு. இருபது, இருபத்தைந்து வருடம் ஓய்வில் இருப்பது எப்படி என்று நமக்குச் சொல்லித்தர ஒரு தலைமுறைகூட முன்னால் இல்லை. ராபர்ட் ஆட்ச்லி என்ற சமூகவியலாளர் 1976-லேயே இதைப் படிப்படியாக எழுதிவைத்தார்: முதலில் தேனிலவு, அப்புறம் ஏமாற்றம், அப்புறம் ஒரு மாதிரி நிலைகொள்ளுதல். உங்கள் தேனிலவு இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. மூன்றாம் மாதம் அலமாரி மேல் கை வைத்தீர்கள்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்த அத்தனை வருடமும் உங்கள் மனைவி அந்தச் சமையலறையில் இருந்திருக்கிறார். எந்த டப்பா எங்கே என்று அவர் கண் பார்ப்பதில்லை, கை தானாகப் போகும். தினம் வேண்டியது இடுப்பு உயரத்தில், மாதம் ஒரு முறை வேண்டியது மேல் தட்டில், ஈரம் ஆகாதது அடுப்புப் பக்கம். அதுவும் ஒரு வரிசைதான், அகர வரிசையைவிட மேலான வரிசை. புதிதாக வந்து சேர்ந்த ஒருவர் உங்கள் பேரேடுகளை எல்லாம் அட்டையின் நிறத்தைப் பார்த்து அடுக்கி வைத்திருந்தால், நீங்கள் மூன்று நாளில் பேசியிருப்பீர்களா?

ஜப்பானில் நொபுவோ குரோகாவா என்ற மருத்துவர், கணவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு மனைவிகளுக்கு வரும் வயிற்றுப்புண், ரத்தக் கொதிப்பு, தோல் தடிப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயரே வைத்தார், ‘ஓய்வு பெற்ற கணவர் நோய்’ என்கிற மாதிரி. அந்த ஊர்ப் பெண்கள் இப்படிப்பட்ட கணவருக்கு வைத்திருக்கும் பெயர் இன்னும் அழகு: ‘நுரே ஒச்சிபா’, நனைந்த சருகு. துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு எவ்வளவு பெருக்கினாலும் போகாது. என் மனைவியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது வீட்டில் என் பெயர் அதுதான்.

நான் வேலையைக் காலை நேரத்தோடு குறைத்துக்கொண்ட புதிதில், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அட்டவணைப்படி நான் ஊற்றினேன், பழக்கப்படி அவர் ஊற்றினார். ஒரே மாதத்தில் ஏழு செடி வேர் அழுகிச் செத்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம்: ஒரு வேலையை எடுத்தால் தொடக்கம் முதல் முடிவு வரை எனது, மற்ற வேலைகளில் எனக்கு வாய் கிடையாது. எனக்குத் துணி துவைப்பது வந்தது. நீங்களும் மனைவியையே கேளுங்கள், எதை முழுதாக ஒப்படைக்க அவருக்கு மனம் வருகிறது என்று. சின்ன வேலையாகத்தான் இருக்கும், கணக்கு அதிகாரிக்குக் கொஞ்சம் உறுத்தும். வாங்கிக்கொள்ளுங்கள். தினம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருங்கள், எங்கே என்பது உங்கள் இஷ்டம். ‘எங்கே போறே, யார் போன்ல, எப்ப வருவே’ என்ற மூன்று கேள்விகளையும் நிறுத்துங்கள். முப்பது வருடம் அவற்றுக்குப் பதில் சொல்லாமலே அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்.

மகன் உங்களை ஓரங்கட்டவில்லை. பகலில் அப்பா போன் செய்தால் அவனுக்கு நெஞ்சு திக்கென்கிறது, அதனால்தான் ‘அவசரமா’ என்று கேட்கிறான். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் முக்கியமாக எதுவும் சொல்ல இல்லாவிட்டாலும் பேசுங்கள். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கி இன்றும் நடக்கும் ஆய்வில், ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள், கொலஸ்ட்ராலைவிட அதுதான் சரியாகக் கணித்தது. ஐம்பது உங்களுக்குத் தாண்டிவிட்டதே என்று கேட்காதீர்கள், எனக்கும்தான் தாண்டிவிட்டது.

டப்பாக்களை மறுபடி பழையபடி அடுக்க நீங்கள் முயல வேண்டாம். லேபிள்களை மட்டும் உரித்துக் கொடுங்கள், அவர் அடுக்கிக்கொள்வார். அப்புறம் காது சோதனைக்கு நாள் குறித்துக்கொண்டு அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதைச் சரியாகக் கேட்டு வர ஓர் ஆள் வேண்டாமா? கிளம்பும்போது பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கும் பையை மறக்காதீர்கள். கை எப்படியும் கூடவே வரும்.